இரண்டு கட்டில் உள்ள அறை

நீலத் துண்டை இறுக்கிச் சுருட்டி, கட்டுத்துணியால் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, டீச்சரின் இடது முட்டிக்கு அடியில் செருகினாள் சிஸ்டர். எந்த நர்ஸ் பயிற்சியிலும் சொல்லித் தராத, அவளே கண்டுபிடித்த வேலை அது. நோயாளிகளோடு அவள் போகாத ஊர் இல்லை. தனக்கென்று போன ஊர் ஒன்றும் இல்லை.

"பெரிய ஓட்டலாவே பாரு. என் பொண்ணுதானே காசு குடுக்கிறா. மாப்பிள்ளை மூஞ்சி கொஞ்சம் சுருங்கட்டும்," என்றார் டீச்சர்.

டீச்சரின் இதயம் இப்போது பாதிதான் வேலை செய்தது. நகரத்துக்குப் போய், கடலைப் பார்த்தபடி இரண்டு நாள் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இப்போது விட்டால் இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டல் பார்க்கும் பொறுப்பை மகள் சிஸ்டர் தலையில் கட்டியிருந்தாள்.

சிஸ்டர் கைபேசியில் ஓட்டல் படங்களைத் தள்ளினாள். ஒன்றில் பளிங்குக் குளியலறை. இடுப்பை உடைத்துக்கொள்ள வேறு இடம் வேண்டாம். இன்னொன்று இரண்டு கட்டில் போட்ட சாதாரண அறை, ஓரமாகக் கொஞ்சம் கடல். மூன்றாவதில் டீச்சரின் கண் நின்றுவிட்டது. சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் தண்ணீர், நடுவே ஒற்றைக் கட்டில்.

"இதான்டி!"

"நான் எங்க படுக்கிறது?"

"பக்கத்து ரூம்ல மகாராணியாட்டம் கெட. ரெண்டு நாள் என் குறட்டையிலிருந்து உனக்கு விடுதலை."

டீச்சர் கண்ணயர்ந்ததும் சிஸ்டர் அந்த ஓட்டலுக்குப் போன் போட்டாள். கட்டில் உயரம், கதவு அகலம் என்று கேட்டதற்கெல்லாம் ஒரு பெண்குரல் பொறுமையாகப் பதில் சொன்னது.

"வேற என்ன வேணும் சிஸ்டர்? இடது முட்டிக்குத் துண்டு சுருட்டி வெச்சாச்சு. நடுவுல முடிச்சும் போட்டாச்சு."

தான் யார் என்று சிஸ்டர் இன்னும் சொல்லவே இல்லை.

"யாருக்கு?"

"டீச்சருக்குத்தான். வந்துட்டாங்களே! அசந்து தூங்குறாங்க. நீங்க வர வேண்டாம்."

சிஸ்டர் போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். டீச்சரின் கை சில்லிட்டிருந்தது. நாடி நூலாக ஓடியது. கத்தவில்லை. தலையைத் தூக்கி வைத்தாள், உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டீச்சர்! எந்திரிங்க!"

மெல்லக் கண் திறந்தார். "ஏண்டி எழுப்பினே? அலைச் சத்தம் அவ்வளவு நல்லா இருந்துச்சு." பிறகு, குரல் இறங்கியது. "ஆனா நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீ வரல."

"ஒரே ரூம்ல இருந்தா வருவேன்."

"குறட்டை?"

"பழகிப்போச்சு."

டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். போர்வையை விலக்காமல், இரவு முழுக்க டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தபடியே சிஸ்டர் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை விரிப்பை மாற்றப் போர்வையை எடுத்தபோது, முட்டிக்கு அடியில் நீலத் துண்டு இல்லை. தடித்த வெள்ளைத் துண்டு இருந்தது. ஓரத்தில் பொன்னிழையில் அந்த ஓட்டலின் பெயர். முடிச்சு அவளுடையதைப் போலவே இருந்தது. முகர்ந்தால் உப்பு வாடை. அவிழ்த்துத் துவைத்தாள். காய்ந்ததும் மடித்து, ஓட்டல் முகவரி எழுதி, திருப்பி அனுப்பினாள். பிறகு அந்த இன்னொரு ஓட்டலில் இரண்டு கட்டில் உள்ள அறையைப் பதிவு செய்துவிட்டு, புதிதாக ஒரு நீலத் துண்டைச் சுருட்ட உட்கார்ந்தாள்.