அரசியல் டீச்சரின் ஒரு ஓட்டு

கரும்பலகையில் 'அரசியல்' என்று எழுதிவிட்டு, விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டே, "நேத்து உங்க வீட்டுல டிவி ரிமோட் யார் கையில இருந்துச்சு?" என்று கேட்கிறார் டீச்சர். வகுப்பில் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தவர்கள். "அப்பா கையில" என்கிறது பின்வரிசைக் குரல். "அவர்தான் வச்சுக்கணும்னு யாரு முடிவு பண்ணினா? மத்தவங்க ஏன் கேக்கல? அங்கதான் ஆரம்பிக்குது நம்ம பாடம்." இருபத்தாறு வருடமாக இதே கேள்விதான்.

வெளியில் நிலைமை வேறு. அரசியல் அறிவியல் என்று சொன்னதும், "அப்ப இந்தத் தடவை யாரு வருவாங்க?" என்பார்கள். "அது தெரியாதுங்க. வந்தவங்க ஏன் வந்தாங்கன்னு வேணா சொல்றேன்" என்பார். அதைக் கேட்க யாரும் நிற்பதில்லை. தம்பி தொலைபேசியை எடுத்ததுமே, "அக்கா, அரசியல் மட்டும் வேணாம்" என்றுதான் ஆரம்பிப்பான். மிச்சம் இருப்பது மழையும் மூட்டுவலியும். நாலு நிமிடத்தில் தீர்ந்துவிடும். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையலறையில் விருந்தாளிக்கென்று கவிழ்த்து வைத்த டம்ளர் கவிழ்த்தபடியே இருக்கிறது.

குடியிருக்கும் ஐந்துமாடிக் கட்டடத்தில் போன மாதம் ஒரு கூட்டம். வீட்டுவேலைக்கு வருகிறவர்கள் லிப்டில் ஏறக்கூடாது என்று தீர்மானம். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று செயலாளர் ஃபைலை மூடப் போனார்.

டீச்சர் எழுந்தார். "எனக்குச் சம்மதமில்ல. அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"டீச்சர், குடும்பங்க இருக்கற இடம் இது. இங்க அரசியலக் கொண்டு வராதீங்க."

"நான் கொண்டு வரல சார். நீங்க எழுதின தீர்மானத்துலயே இருக்கு."

கை தூக்கச் சொன்னார்கள். இருபத்திரண்டுக்கு ஒன்று. காலையில் "நீங்க சொல்றது நியாயம்தான்" என்று தலையாட்டிய கீழ்வீட்டு அம்மாள், மடியிலிருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானை இடது கையால் சரிசெய்துகொண்டே வலது கையைத் தூக்கினார்.

மறுநாள் டீச்சர் நுழைந்ததும் லிப்டில் பேச்சு சட்டென்று நின்றுபோனது. அன்றிலிருந்து அவரும் படிதான். கொள்கையா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல. வாயை மூடிக்கிட்ட நாலு பேருக்கு நடுவுல நிக்கறதுக்கு, முட்டி வலி தேவலை" என்கிறார்.

நேற்று மாலை மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாளியும் துடைப்பமுமாக ஏறி வந்த வேலைக்காரப் பெண் நின்றார்.

"எங்களுக்காக ஏம்மா எல்லாரையும் பகைச்சுக்கிட்டீங்க? இப்பப் பேசக்கூட ஆளில்லாம உக்காந்திருக்கீங்களே."

டீச்சர் பக்கத்தில் வைத்திருந்த விடைத்தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணும் உட்கார இடம்விட்டு, சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.