பிரேக்குக்குப் போட்ட ஊசி

சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலையில், மேம்பாலச் சரிவில் சைக்கிளில் இறங்கி வந்த நான், டீக்கடைக்கு முன்னால் நிற்க வேண்டியவன், டீக்கடைக்கு உள்ளே போய் நின்றேன். பெஞ்சில் இருந்த நான்கு பேரில் மூவர் எழுந்து ஓடினார்கள். நான்காமவர் தம்ளரை மட்டும் தூக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, டீ வேணும்னா வெளிய நின்னு ஒரு சத்தம் குடுத்தா போதும்லா?" என்றார் கடைக்காரர்.

சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடது முழங்கையில் ஒன்றரை அங்குலச் சிராய்ப்பு. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டபடி வீட்டுக்கு உருட்டி வந்தேன். பால்காரர் எனக்கு முன்பே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

என் மனைவி அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவள். காயத்தைத் துடைத்தபடியே தீர்ப்பையும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம முக்கூடல்ல இருந்து தம்பி லோடு ஆட்டோவுல வருதான். அதுக்குள்ள பிரேக்கு சரியாவலன்னா சைக்கிள அவன்ட்ட ஏத்தி விட்டுருவேன். அறுபத்தொம்பது வயசுல உங்களுக்கு மாவுக்கட்டு போட்டுப் பாத்துக்கிட என்னால ஏலாது."

மச்சினனுக்கு அந்தச் சைக்கிள் மேல் வெகு நாளாகவே ஒரு கண். எனக்கோ, தினமும் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பும் அந்தப் பதினான்கு கிலோமீட்டர்தான் நாளில் கவலையில்லாத பகுதி. மீதி நேரமெல்லாம் ரத்த அழுத்தம், தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் என்று ஏதாவது ஒன்றை நினைத்து மனம் அடித்துக்கொண்டே இருக்கும். அன்று வியாழன். மூன்று நாள் இருந்தது.

நான் நில அளவைத் துறையில் இருந்தவன். அளக்காமல் எதையும் நம்புவதில்லை. ஸ்கேலை எடுத்தேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட்கள் தேயவில்லை. இரண்டரை மில்லிமீட்டர் இருந்தன. பிரேக்கை இயக்கும் எண்ணெய் எங்கும் கசியவில்லை. ஆனால் வழக்கமாகப் பாதி தூரத்திலேயே கெட்டியாகிவிடும் முன்சக்கரப் பிரேக்கின் பிடி, இட்லி மாவில் விரலை விட்டது போல அமுங்கிக் கைப்பிடியையே தொட்டது. விடாமல் அமுக்கினால் ஐந்தாவது தடவையில் கெட்டியாகும். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் மறுபடியும் மாவு.

சைக்கிள் கடைக்குப் போனேன்.

"எண்ணெக் குழாய்க்குள்ள காத்து போயிருக்கு அண்ணாச்சி. வண்டியத் தலகீழா வச்சியளா?" என்று கேட்டார் மெக்கானிக்.

பூஜைக்குக் கழுவித் துடைப்பதற்காக இரண்டு நாள் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

"அதான். பிடியில இருக்க சின்னத் தொட்டியில கொஞ்சம் காத்து கெடக்கும். கவுத்துனா குழாய்க்குள்ள போயிரும். பத்து நாள் கழிச்சுக் கொண்டாங்க, இங்கன பன்னெண்டு வண்டி கெடக்கு."

பத்து நாள் எனக்கு எங்கே இருக்கிறது? பிரேக் எண்ணெயும் ஊசிக்குழலும் சின்னப் புனலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் வேலையைத் தொடங்கினேன். ஊசிக்குழலில் எண்ணெயைவிடக் காற்றே அதிகம் நிறைந்தது. வாசலில் நின்று ஏழு நிமிடம் பொறுமையாகப் பார்த்த மனைவி, இறங்கி வந்தாள்.

"குடுங்க இங்கன. காத்தோட யாராவது ஊசி போடுவாவளா?"

குழலை நிமிர்த்தி நகத்தால் இரண்டு சுண்டு சுண்டிக் காற்றை வெளியேற்றினாள். கீழே, பேட்கள் இருக்கும் கவ்வியின் துவாரத்தில் ஊசிக்குழலின் குழாயைச் செருகினாள். மேலே பிடியில் பொருத்திய புனலுக்குக் காவல் நான்.

"பைய தள்ளு," என்றேன்.

"எத்தன பேருக்குப் போட்ட கை இது! எனக்கே பைய தள்ளுன்னு சொல்லுதிய."

எண்ணெய் ஏற ஏறப் புனலில் குமிழிகள் வந்தன. நாற்பத்து மூன்று எண்ணினேன். பிறகு அவள் நரம்பு தேடுவது போலக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தாள். இன்னும் மூன்று வந்தன. பிடி கல்லாகிவிட்டது.

அன்று மாலையே சோதனை. டீக்கடைக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு மனைவி ஓரமாக நின்றாள். சரிவில் இறங்கிப் பிரேக்கைப் பிடித்தேன். பிடி கெட்டியாகத்தான் இருந்தது. சைக்கிள்தான் கிரீச்சென்று கத்திக்கொண்டு, கோட்டைத் தாண்டி நான்கடி போய் நின்றது.

"இன்னைக்கு வெளியவே நின்னுட்டிய அண்ணாச்சி. நல்ல முன்னேத்தம்," என்றார் கடைக்காரர்.

மனைவி செல்போனை எடுத்தாள். தம்பிக்குத்தான். நம்பரை அழுத்தப் போனவள், எதையோ மோந்தவள் போல நின்றாள். டிஸ்க் ஆறும் வரை காத்திருந்து, கைக்குட்டையால் துடைத்து முகர்ந்து பார்த்தாள். துணியில் மஞ்சளும் கருப்புமாக ஒரு பிசுக்கு.

"சந்தன வாசன அடிக்கு. பூஜைக்கு வண்டியில எத்தன பொட்டு வச்சிய?"

"இருபத்தொண்ணு."

"டிஸ்க்குல?"

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"காஞ்ச பொட்ட எத வச்சு அழிச்சிய?"

குங்குமம் போகவில்லை என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததைச் சொன்னேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"பிரேக்குக்கு எண்ணெ தேச்சு விட்டுட்டு, மூணு நாளா காத்தக் கொற சொல்லிக்கிட்டுத் திரியுதிய!" என்றாள். ஆனால் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

காற்றும் பொய்யில்லை, எண்ணெயும் பொய்யில்லை. பிடி அமுங்கியது ஒரு கோளாறு. பிடி கெட்டியான பிறகும் வண்டி நிற்காதது இன்னொன்று. பூஜையில் நான் இரண்டையும் ஒன்றாகச் செய்திருக்கிறேன்.

ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் அந்த ஸ்பிரிட் அவளிடம் அரைப் பாட்டில் இருந்தது. டிஸ்க்குகளைப் பஞ்சால் ஆறு முறை துடைத்தாள். பேட்களின் மேல் பரப்பை நான் உப்புத்தாளில் தேய்த்தேன். பிறகு தெருவில் ஓட்டுவதும் மெல்லப் பிடிப்பதுமாக இருபது நடை. பதினைந்தாவதில் கிரீச் சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றேன்.

பத்து மணிக்கு மச்சினன் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். கையில் கயிறு.

"கயித்த உள்ள வையி. தோச ஆறுது," என்றாள் அவன் அக்கா.

இந்த ஆண்டு பூஜையில் சைக்கிளைக் கவிழ்க்கவில்லை. சுவரில் சாய்த்தே கழுவினேன். சந்தனக் கிண்ணத்தோடு நான் குனிந்தபோது மனைவி பின்னாலேயே நின்றாள். வைத்த பொட்டு பத்தொன்பது.