பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்த செய்தி

கருப்பன்வாடியில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் பாசிலாவின் குரல் தெரியும். ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே, நூற்றிருபது நாட்டுப்படகுகள் உள்ள கரை அது. மீன் ஏலக் கொட்டகையின் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை. காற்று எந்தப் பக்கம், என்ன வேகம், அலை என்ன உயரம், மழை உண்டா இல்லையா என்று அவள் படிப்பாள். படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கஜா புயல் அடித்துப் போன மறு வருடம் ஒரு தொண்டு நிறுவனம் அந்தக் குழாய்களை வைத்துக் கொடுத்தது. படிக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஆண்கள் பாதி நாள் கடலில் கிடப்பவர்கள். பாசிலா பத்தாவது வரை படித்தவள், கொட்டகைக்கு எதிர்த்த வீட்டில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள், கணவர் முகமது இப்ராஹிம் அரபு நாட்டில், தம்மாமில் லாரி ஓட்டுகிறவர். “ஒங்க குரலு கணீர்னு இருக்கும்மா, நீங்களே படிங்க” என்று மீனவர் சங்கத் தலைவர் வந்து கேட்டார். சம்பளம் எல்லாம் கிடையாது. அவளும் சரி என்றாள்.

முதல் மாதம் வானிலை மையத்திலிருந்து போனில் வந்ததை வந்தபடியே படித்தாள். “அலையின் உயரம் ஒன்று புள்ளி இரண்டு முதல் ஒன்று புள்ளி எட்டு மீட்டர் வரை.” கரையில் சிரித்தார்கள். புள்ளியை வைத்து எவன் வலை விடுவான்? அவளே யோசித்து, இடுப்பளவு, நெஞ்சளவு, ஆள் உயரம் என்று மாற்றினாள். வடகிழக்கு என்பதை வாடை என்றாள், தெற்கை சோழகம் என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. எச்சரிக்கை சொல்லியும் காற்று வராத நாட்களில் மட்டும், “பாசிலா காத்து வந்துச்சா?” என்று கேலி செய்வார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வராமல் போனால் நல்லதுதானே என்பாள்.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

அந்த அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை, மகள் நூர்நிஷாவைப் பெண் பார்க்க கோட்டைப்பட்டினத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மூன்று இடம் வந்து தட்டிப்போன பிறகு வரும் நல்ல இடம். பாசிலா விடியற்காலையிலேயே எழுந்து வீட்டைக் கழுவிவிட்டு, ஆறு மணிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். காற்று பத்துப் பதினைந்து கிலோமீட்டர், அலை முழங்காலளவு, மழை இல்லை. சின்னத் தாளில் எழுதி வைத்துத்தான் படிப்பாள். அந்தத் தாள் கொட்டகையில் இருக்கும் மைக் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பதினோரு பேர். சாப்பாடு பரிமாறி, தண்ணீர் ஊற்றி, மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டாகப் போகிறது. போன் கூடத்து அலமாரியில் சார்ஜில் இருந்தது. அதை எடுக்க விருந்தாளிகளைத் தாண்டிப் போக வேண்டும். காலையில் படித்தது இருக்கிறதே, வானமும் வெளுப்பாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். கொல்லைப்பக்கமாகவே இறங்கி ஓடினாள். பெட்டியைத் திறந்து தாளை எடுத்தாள். அதையே படித்தாள். முழங்காலளவு அலை, மழை இல்லை. திரும்பி வந்து பழத்தட்டை எடுத்து வைத்தபோது யாரும் அவள் போனதைக்கூடக் கவனித்திருக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது. தை மாதம் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலேகாலுக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பாசிலா கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே வந்தாள். அறந்தாங்கிப் பக்கமிருந்து மேகம் ஒரு சுவர் மாதிரி நகர்ந்து வந்தது. முதல் காற்றிலேயே பக்கத்து வீட்டுத் தகரக்கதவு பிய்த்துக்கொண்டு போய்த் தெருவில் விழுந்தது. நண்டு வலை விடப் போன படகுகள் எல்லாம் அந்நேரம் கடலில்தான் இருக்கும். மதியம் இரண்டரைக்குப் போய் வலையை விட்டுவிட்டு ஆறு மணிக்குள் கரை திரும்புகிறவர்கள்.

முக்கால் மணி நேரந்தான் அடித்தது. அது ஓய்ந்ததும் படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டு வந்தன. ஒரு படகு மட்டும் வரவில்லை. இருட்டும் முன்பு இன்னொரு படகுக்காரர்கள் அதில் போன சோலையப்பனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்து கிடந்தாராம். அவரோடு போன அருள்மணி இல்லை.

“படகு பெரண்டப்ப வலைக்கயிறு அவன் காலச் சுத்திருச்சு. நான் கையப் புடிச்சேன். புடிச்சேன்னுதான் நெனச்சேன்” என்று சோலையப்பன் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அருள்மணியின் உடலைக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தொரு வயது. மனைவி செவந்தி, பத்தாவது படிக்கும் மகள் ஹரிணி.

பாசிலா போனை எடுத்துப் பார்த்தது அந்தக் காலையில்தான். செய்தி இருந்தது. வியாழக்கிழமை, மதியம் 12.50. மாலையில் இடியுடன் மழை, மேற்கிலிருந்து மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று, சிறு படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம். அவள் அதை மூன்று முறை படித்தாள்.

அடக்கத்துக்குப் போனாள். ஊரே கூடியிருந்தது. ஒருவரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பேச்செல்லாம் வேறாக இருந்தது.

“வானிலை மையமாம் மையம். மழையே இல்லன்னு சொன்னானுங்க.”

“இனி அந்தக் கொழாயக் கழட்டித் தூரப் போடணும். அதக் கேட்டுக்கிட்டுப் போனதுக்குச் சோலையப்பன் வானத்தக் கண்ணால பாத்துட்டுப் போயிருக்கலாம்.”

“அந்தப் புள்ள என்ன செய்யும்? வந்ததப் படிச்சுச்சு.”

அந்தப் புள்ள என்று அவர்கள் சொன்னது அவளைத்தான். பாசிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து ஒரு பெண் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இரவெல்லாம் புரண்டுவிட்டு மறுநாள் கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லங்க.”

“சொல்லாத. சொல்லி என்ன ஆவப் போவுது? போன உசுரு வருமா? நூர்நிஷாவுக்கு இப்பத்தான் ஒரு வழி பொறந்திருக்கு. ஊர்ல ஒம் பேரு கெட்டா அந்த எடமும் போயிரும்.”

“அந்த மையத்தத் திட்டுறாங்கங்க. அவங்க சரியாத்தான் அனுப்பியிருக்காங்க.”

“அவங்களுக்கு நம்ம ஊரு திட்டு எட்டவா போவுது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாசிலா பன்னிரண்டு நாள் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையும் மதியமும் போய்ப் படித்தாள். போனைப் பார்த்து, திரும்பப் பார்த்துப் படித்தாள். பதின்மூன்றாம் நாள் எச்சரிக்கை ஒன்று வந்தது. வாடை பலமாக இருக்கும், போக வேண்டாம் என்று இரண்டு தடவை படித்தாள். கொட்டகையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கவேயில்லை. ஒருவர் எழுந்து, “வா, இவுக சொன்னா ஒன்னும் இருக்காது” என்று இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு படகைத் தள்ளினார். பாசிலா மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்க்கரை வரைக்கும் ஓடி, “அண்ணே, போவாதீங்க” என்று கத்தினாள். அவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும்வரை கரையிலேயே நின்றாள். வந்துவிட்டார்கள். வலை மட்டும் அறுந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து நூர்நிஷாவிடம் சொன்னாள். “நான் செவந்தி வீட்டுக்குப் போவப் போறேன்.”

மகளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அம்மாவின் போனில் அவளும் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தாள். அம்மா அப்பாவோடு போனில் பேசியதையும் கேட்டிருந்தாள். “அத்தா வேணாம்னு சொன்னாங்கள்ல?” என்றாள். பிறகு, “நானும் வாரேன்” என்றாள்.

“நீ வர வேணாம். அங்க நான் மட்டுந்தான் போவணும்.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை. செவந்தி வாசலில் உட்கார்ந்து, புருஷன் விட்டுப்போன வலைகளில் நல்லது எது, அறுந்தது எது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். “வாங்கக்கா” என்றாள். பாசிலா உட்காரவில்லை. போனைத் திறந்து அந்தச் செய்தியை அவள் முன்னால் நீட்டினாள்.

“செவந்தி, மையம் சொல்லாம இல்ல. சொல்லியிருக்கு. நான்தான் பாக்கல. வீட்டுல ஆளுக வந்திருந்தாங்க. போன எடுக்காம, காலைல படிச்ச தாளையே படிச்சுட்டு வந்துட்டேன்.”

செவந்தி எட்டாவது வரை படித்தவள். போனை வாங்கி மெதுவாக, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“பன்னண்டு அம்பதா?”

“ஆமா.”

“அவுக ரெண்டரைக்குத்தான் கெளம்புனாக. சாப்புட்டுட்டுப் படுத்திருந்தாக. மேலுக்கு முடியல, இன்னிக்கி வேணாமான்னு பாக்குறேன்னாக. ஒங்க சத்தம் கேட்டுச்சு. காத்து இல்லயாம், சட்டுனு விட்டுட்டு வந்துர்றேன்னு எந்திரிச்சாக.”

பாசிலாவுக்கு அது தெரியாது.

“செவந்தி…”

“போங்க.”

“நான் என்ன செய்யணும்னு சொல்லு. செய்றேன்.”

“போங்கன்னு சொல்றேன்ல? ஏம் மக பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புது. அது வெளில வாரதுக்குள்ள போயிருங்க.”

அன்று மாலையே சங்கத் தலைவரிடம் சொல்லி, கொட்டகையில் ஆட்களைக் கூட்டச் சொன்னாள். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். மைக் இல்லாமல், நின்றபடியே சொன்னாள். சொல்லி முடித்ததும் சத்தம் எழுந்தது. ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இன்னொருவர், “பொண்ணுக்கு மாப்புள்ள பாத்த நேரத்துல ஒரு குடும்பத்தைச் சாய்ச்சுப்புட்டியேம்மா” என்றார். எல்லோரும் ஓய்ந்த பிறகு, “என்னைய எது வேணாலும் சொல்லுங்க. ஆனா அந்தச் செய்தியத் தள்ளிராதீங்க. தப்பு அதுல இல்ல” என்று சொல்லிவிட்டு, மைக் பெட்டிச் சாவியைத் தலைவர் முன்னால் வைத்தாள்.

சோலையப்பன் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனபோது நிமிர்ந்து பார்த்தார். “இத முன்னாடியே சொல்லியிருக்கலாம் தங்கச்சி. நான் இத்தன நாளா என் கையத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அதன் பிறகு சங்க எழுத்தர் படித்தார். அவர் வாரத்தில் நான்கு நாள் மறந்துபோவார். மாப்பிள்ளை வீட்டுக்கும் விஷயம் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒன்றரை மாதம் யோசித்தார்கள். நூர்நிஷா ஒரு நாளும் அதைப் பற்றித் தாயிடம் பேசவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் மாப்பிள்ளையே தன் வீட்டில் பிடிவாதம் பிடித்துச் சம்மதிக்க வைத்தார் என்று கேள்வி. தையில் நடக்க இருந்த நிக்காஹ் சித்திரையில் நடந்தது.

அதற்கு முன்பு, நவம்பர் கடைசியில், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாகச் செய்தி வந்தது. எழுத்தர் ஊரில் இல்லை. தலைவர் சாவியை எடுத்துக்கொண்டு பாசிலா வீட்டுக்கு வந்தார்.

“வேற ஆளு இல்லம்மா. நீங்கதான் படிக்கணும்.”

“செவந்தி சரின்னு சொன்னா படிக்கிறேன். இல்லன்னா என்னால முடியாதுங்க.”

அவர் அவள் வீட்டுக்குப் போய், அரை மணி நேரம் கழித்துச் செவந்தியோடு திரும்பி வந்தார். அவள் உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்று தலைவரிடம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

“அவுக படிக்கட்டும். ஆனா நான் பக்கத்துல நிப்பேன். போன எங்கிட்டக் காட்டிட்டுத்தான் மைக்கத் தொடணும். எந்நேரத்துக்கு வந்த செய்தின்னு மொதல்ல சொல்லணும். என் தம்பி இன்னும் கடலுக்குத்தான் போறான்.”

அப்படித்தான் நடந்தது. பாசிலா போனை நீட்டினாள். செவந்தி படித்துப் பார்த்துத் தலையசைத்தாள். “காலை ஒன்பது முப்பதுக்கு வந்த செய்தி” என்று தொடங்கிப் பாசிலா படித்தாள். நாட்டுப்படகு ஒன்றுகூடப் போகவில்லை. மூன்றாம் நாள் காற்று அடித்தபோது கரையில் ஏற்றிக் கட்டியிருந்த படகுகளில் இரண்டு உடைந்தன. ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. செவந்தி இப்போது ஜெகதாப்பட்டினத்தில் நண்டு உடைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காலை ஆறு மணிக்குப் போகும் வழியில் நின்று போனைப் பார்த்துவிட்டுப் போவாள். மதியத்துச் செய்தியைப் பாசிலா அவள் போனுக்கு அனுப்பி, பார்த்ததற்கு அடையாளம் வந்த பிறகுதான் படிப்பாள். இந்த மூன்று வருடத்தில் இருவரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. நூர்நிஷாவின் நிக்காஹுக்குச் செவந்தி வரவில்லை. ஹரிணி பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியபோது பாசிலா கொடுத்தனுப்பிய துணி பிரிக்காமலேயே திரும்பி வந்தது. பாசிலா அதை எதிர்பார்க்காமலும் இல்லை.

போன ஐப்பசியில் பாசிலாவுக்கு டெங்கு வந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செவந்தி வாசலில் வந்து நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்தாள்.

“போனையும் சாவியையும் குடுங்க.”

பாசிலா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் குழாயில் செவந்தியின் குரல் வந்தது. முதலில் நேரத்தைச் சொன்னாள். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஒன்றையும் விடாமல் படித்தாள். திரும்பி வந்து போனைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

“மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.