செவலைக்கு நான் சொல்லிக் கொடுத்தது

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது இது. காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே. நான் கம்பத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை எட்டேகாலுக்கு டவுன் பஸ். அதற்குள் சமையல், நோட்டுத் திருத்தம் எல்லாம் முடிய வேண்டும்.

கவாத்து வெட்டி, கொடி தளிர்விட்ட சமயம். மருந்தடிக்கவும் மற்றத் தோட்ட வேலைக்கும் தினமும் வரப் புதிதாக ஒருவர் அமர்ந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். முதல் நாள், முதுகில் ஸ்பிரேயரும் முகத்தில் துண்டுமாக அவர் பந்தலுக்குள் நுழைந்ததும் எங்கள் நாய் செவலை குரைத்துத் தள்ளிவிட்டது. நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த எனக்குத் தலைவலி. "ஏலே, சும்மா கெட" என்று ஒரு பிஸ்கட்டைப் போட்டேன். அடங்கிவிட்டது. மறுநாளும் குரைத்தது, மறுநாளும் போட்டேன். அப்படியே வாடிக்கையாகிவிட்டது.

பால் ஊற்ற வருபவரைப் பார்த்துக்கூட எழுந்திருக்காத நாய், இவரைப் பார்த்தால் மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நாய்க்குத் தெரியாததா? ஆள மோந்து பாத்தே கண்டுபிடிச்சிரும். எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்க" என்றார்.

நான் ஒன்றல்ல, இரண்டு கண்ணையும் வைத்தேன். சாப்பாட்டுப் பையை ஏன் அவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்? குனிந்தால் ஏன் அவ்வளவு நேரம் எழுந்திருப்பதில்லை? பேசாமல் இருந்தால் மனதில் ஏதோ கள்ளம். என்றைக்காவது இரண்டு வார்த்தை பேசினால், எதையோ மறைக்கத்தான் பேசுகிறார். அந்த வாரம் பார்த்து மோட்டார் ரூமில் இருந்த கவாத்துக் கத்தரி இரண்டு காணாமல் போயின. நான் முடிவே கட்டிவிட்டேன்.

மனதில் வைத்துக்கொண்டாவது இருந்திருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் போய், "எங்க செவலை அவரக் கண்டாலே விடமாட்டேங்குதுக்கா. இப்பக் கத்தரியையும் காணோம்" என்றேன். "வாயில்லாச் சீவன் பொய் சொல்லுமா?" என்றார் அந்த அக்கா. அடுத்த வாரம் அவர் தோட்டத்தில் கவாத்துக்கு இவரைச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அது காதுக்கு வந்தபோது, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட மாதிரி எனக்குப் பெருமைதான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை அவரிடம், "நாளைக்கு நாங்க தேனிக்குப் போறோம்ணே, செவலை மட்டுந்தான் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். சனிக்கிழமை வீட்டுக்காரர் மட்டும் கிளம்பினார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செல்போன் கேமராவோடு உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்குச் சைக்கிள் வந்தது. செவலை ஓடியது. குரைக்கவில்லை. அவர் கையை நக்கிவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டது. அவர் அதன் வயிற்றைச் சொறிந்துகொடுத்தார். அடப்பாவி, நாயையே பழக்கி வைத்திருக்கிறானே என்றுதான் எனக்கு அப்போதும் தோன்றியது. குரைத்தாலும் திருடன், குரைக்காவிட்டால் பெரிய திருடன். என் புத்தி அப்படி ஓடியது.

போனைச் சரியாகப் பிடிக்க எழுந்து நின்றேன். செவலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. சட்டென்று எழுந்து அவர் பக்கம் திரும்பி நாலு குரை குரைத்தது. பிறகு நேராக வாசற்படிக்கு வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. பிஸ்கட்டுக்கு.

அவரும் நிமிர்ந்து பார்த்தார். என் கையில் இருந்த கேமராவையும் பார்த்தார். "டீச்சர், அது என்னையப் பாத்துக் குலைக்கல. நீங்க இருந்தாத்தான் குலைக்கும். நீங்க பஸ் ஏறிட்டா எம்பக்கத்துலதான் படுத்துக் கெடக்கும்" என்றார்.

"ஏண்ணே இத்தன நாளாச் சொல்லல?"

"சந்தேகப்பட்டு நிக்கிறவககிட்ட என்னத்தச் சொல்ல?" அவ்வளவுதான். ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பி.எட். படித்தபோது உளவியல் பாடத்தில் வரும் நாயையும் மணியையும் மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எந்தச் செயலுக்குப் பரிசு கிடைக்கிறதோ அந்தச் செயல் திரும்பத் திரும்ப வரும் என்று எழுதி மார்க் வாங்கியவள். தினமும் காலையில் என் கையாலேயே அந்த மனிதர் மீது நாயை ஏவிவிட்டிருக்கிறேன். அந்த நாயையே சாட்சிக்கும் கூப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்றோடு பிஸ்கட்டை நிறுத்தினேன். முதல் நாலைந்து நாள் செவலை முன்னைவிடப் பலமாகக் குரைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மெல்ல மெல்லக் குறைந்து, பதினைந்து நாளில் அடியோடு நின்றுவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர்" என்றார். இன்றும் எங்கள் தோட்டத்துக்கு அவர்தான் மருந்தடிக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவிடமும் போனேன். பிஸ்கட் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரித்தா, அப்பக் கத்தரி எங்கன போச்சு?" என்றார்.

கத்தரி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அவரை இன்னும் கூப்பிடவுமில்லை. எத்தனையோ முறை பிஸ்கட் போட்டுப் பழக்கிய நாய் பதினைந்து நாளில் மறந்துவிட்டது. அந்த அக்காவிடம் நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதை மறக்கவைக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.