மார்க் இருந்தால்தான் டியூஷன்

இன்று காலை நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

1. நன்றாகப் படிப்பவர்களை மட்டும் சேர்க்கும் ஒரு கணித டியூஷன் நிலையம்.
2. அங்கே வாயைத் திறக்காத நான்.
3. நுழைவுத் தேர்வில் தோற்று மனமுடைந்த என் பேத்தி.

பேத்தி உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவி. கணிதத்தில் தடுமாறுகிறாள். "சேர்க்காம திரும்பி வராதீங்கப்பா" என்று மகள் எங்களைத் தெம்பனிஸில் இருக்கும் அந்த நிலையத்துக்கு அனுப்பினாள்.

டியூஷனுக்கே அரை மணி நேர நுழைவுத் தேர்வு. திருத்திய தாளோடு வரவேற்பாளர் வந்தார்.

"சாரி அங்கிள், இவங்க ரொம்ப வீக். எங்க ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் ஏ ஒன் லெவல்."

சுவர் முழுக்க அந்த ஏ ஒன் முகங்கள்.

காய்ச்சல்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, "எங்களிடம் காய்ச்சலே கிடையாது" என்று பலகை மாட்டும் மருத்துவமனை எங்காவது உண்டா?

இப்படிக் கேட்க நினைத்தேன். "தேங்க் யூ" என்றேன். அவர் நீட்டிய விளம்பரத் தாளையும் ஒழுங்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பேத்தி தலை குனிந்தே வந்தாள். உணவங்காடியில் ஆறுதலுக்கு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இப்போது எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"தாத்தா, மூணாவது பாயிண்ட் ராங் லா. கிளாஸ் சனிக்கிழமை. அன்னிக்குத்தான் எனக்கு நெட்பால் விளையாட்டுப் பயிற்சி. வேணும்னேதான் தப்பா எழுதினேன்."

அவள் அம்மாவிடம் என்ன சொல்வது? யாராவது யோசனை கூறுங்கள்.

முதல் இரண்டு குறிப்புகளும் சரியே. மூன்றாவது தவறு. மனமுடைந்தது நான், மைலோ குடித்தது அவள்.