வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கார்டியன்

ஒரு மனு வந்தால் முதலில் ஒப்புகை தர வேண்டும். முடிவெடுக்கத் தாமதமானால் இடைக்காலப் பதில் அனுப்ப வேண்டும். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி போதும். பரிசீலிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வருவாய்த்துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை அந்த வரிக்குக் கீழே எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் டெக்சாஸில் இருக்கும் ஒரு பாட்டுக்காரரை இந்த விதி கட்டுப்படுத்தாது. பாளையங்கோட்டையிலிருந்து நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்துக்கு ஒப்புகையும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

மனைவி இறந்த பிறகு மகள் என்னை அங்கே அவள் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது சட்டம். அதை மீற எனக்கு ஆசை இல்லை. வற்புறுத்தவும் யாரும் இல்லை. மகளும் மருமகனும் காலையில் காரில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். தெருவில் நடந்தால் நாய்கள் மட்டும் என்னை விசாரித்தன. பின்பக்க வேலியைத் தாண்டி, கார் நிறுத்தும் கொட்டகையில், என் வயதுக்காரர் ஒருவர் அக்கார்டியனை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆர்மோனியத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டது போன்ற பெட்டி அது. கட்டைகளுக்குப் பதில் வரிசையாகப் பொத்தான்கள். சில நாள் பார்த்துவிட்டு, அவரே ஒரு நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டார்.

டெக்சாஸிலேயே பிறந்த மெக்சிகோ வம்சத்தவர். அப்படிப்பட்டவர்களுக்குத் தெஹானோ என்று பெயராம். அவருடைய அப்பாவும் அம்மாவும் பருத்தி எடுக்கப் போன கூலிகள். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். அந்தப் பயத்தில் தன் பிள்ளைகளுக்கு அவர் அந்த மொழியைச் சொல்லியே கொடுக்கவில்லை. ஆனால் அவர் பாடியதெல்லாம் ஸ்பானிஷில்தான். "நான் என்ன பாடுகிறேன் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் ஆடுவார்கள்" என்றார்.

முன்பெல்லாம் வாரநாட்களில் ஏசி பழுது பார்க்கும் வேலை. சனி, ஞாயிறுகளில் நடன மண்டபம், கல்யாண வீடு, மாதா கோயில் திருவிழா. சில இசைத்தட்டுகள் வந்தன. ஒரு பாட்டு உள்ளூர் வானொலியில் கொஞ்ச காலம் ஓடியது. பெரிய விழா ஒன்றில் மேடையேறிய அன்று, விளம்பரத் தட்டியில் அவர் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி எழுத்து மூலம் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மேடையில் அவர் பக்கத்தில் எப்போதும் தம்பி நிற்பாராம். பன்னிரண்டு தந்தி வைத்த கனத்த கித்தார் தம்பியுடையது. அக்கார்டியனும் அதுவும் சேர்ந்தால்தான் அவர்கள் சங்கீதம். கொரோனாவில் தம்பி போய்விட்டார். அதன் பிறகு இவர் மேடையேறவில்லை. கொட்டகையில் மட்டும் வாசிப்பார். தம்பியின் கித்தார் தனியாக ஒலிக்க வேண்டிய இடம் வந்ததும் விரல்களை எடுத்துவிட்டுக் காலால் மட்டும் தாளம் தட்டிக்கொண்டிருப்பார். அந்த இடம் முடிந்ததும் தொடர்வார். முதல் முறை, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு நானும் வேலிக்கு இந்தப் பக்கம் காலால் தட்டப் பழகினேன்.

நான் ஊருக்குப் புறப்படும் முன், மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க அவரைக் கூப்பிட்டார்கள். வேறொரு கித்தார்காரரைத் தருகிறோம் என்றார்களாம். போகலாமா என்று என்னிடம் கேட்டார். ஓர் இடம் காலியானால் அலுவலகத்தை மூடுவதில்லை, இன்னொருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பார் என்று நடைமுறையைச் சொன்னேன்.

"உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார்.

வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஊர் வந்ததும் கடிதம் எழுதினேன். மண்டபத்துக்குப் போனீர்களா என்பது ஒன்றுதான் கேள்வி. மரியாதைக்காகக் கேட்கவில்லை. அவரால் முடிந்தது என்றால், அது முடிகிற காரியம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மாலையில் ஆற்றுப் படித்துறையில் எனக்குத் துணை, மேலப்பாளையத்து ஜவுளிக்கடை அண்ணாச்சி. கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டு, அவர்களைத் திட்டும் பொறுப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவர்.

"என்ன வே, அமெரிக்காக்காரரு பதில் போட்டாரா?"

"இல்ல அண்ணாச்சி."

"உம்மகிட்டதான் வேல படிச்சிருப்பாரு போல. பரிசீலனையில இருக்கும் வே."

அன்று, கொட்டகையில் என் போனில் பதிவு செய்து வைத்திருந்த வாசிப்பை அவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் வாசிக்குதாரு. நம்ம கல்யாண பேண்டு மாதிரில்லா இருக்கு." கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. போனை என் கையிலிருந்து வாங்கி உதறினார். "நெட்டு நின்னுட்டு வே."

"நிக்கல அண்ணாச்சி. இது அவரு தம்பி வாசிக்கிற இடம்."

"எங்கன வாசிக்கான்? ஒண்ணும் கேக்கலையே."

"செத்துப்போயிட்டான்."

அண்ணாச்சி போனை மெதுவாகப் படியில் வைத்தார். உற்றுக் கேட்டால் கொட்டகைத் தரையில் கால் தட்டும் ஓசை மட்டும் இருந்தது. அக்கார்டியன் மறுபடி தொடங்கும்வரை குனிந்து அதன் பக்கம் காதை வைத்திருந்தார்.

"ராத்திரி வீட்டுக்கு வாரும். பிள்ளையளுக்குப் புரோட்டா வாங்குதோம்" என்றார்.

"வீட்ல சோறு இருக்கு அண்ணாச்சி."

இருந்தது. இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவருக்கான அளவு எனக்கு இன்னும் கைவரவில்லை.

கடைசியில் பதில் வந்தது, என் மகளின் போனில் பதிவான குரலாக. அக்கார்டியன்காரருக்குக் கடிதம் எழுத வராதாம். என் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மகள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் போனில் பேசிவிடுகிறேன் என்றிருக்கிறார். குரலில் இருமல் இருந்தது.

"போனேன். புதிய கித்தார்காரர் என் தம்பியைவிடச் சுத்தமாக வாசிக்கிறார். தம்பியின் இடத்தில் அவர் வாசித்தபோது அவரை மேடையிலிருந்து தள்ளிவிடலாமா என்றிருந்தது. ஜனங்கள் ஆடினார்கள். எல்லாரும் போன பிறகு ரொம்ப நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். நன்றாக இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன்."

அவ்வளவுதான். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சமையலறையில் நின்றபடியே இன்னொரு முறை கேட்டேன். வெளியே மழை பிடித்திருந்தது. ஆற்றுப் பக்கம் போக முடியாது. அண்ணாச்சி வீட்டுக்கு ஆட்டோ கிடைக்கும். குடையை எடுத்துக் கதவுப் பக்கம் சாய்த்து வைத்தேன். அலுவலகப் பழக்கம், தேதியையும் குறித்துவிடுகிறேன்: அன்று ஐப்பசி ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை.