நடுத்தெருவில் பீங்கான் மயில்

பிரேக் பிடிக்காமல் நான் ஓட்டிய சைக்கிள் சுவரில் மோதி, பின்னால் இருந்த என் மகள் விழுந்தாள். "இனிமே நடந்தே ஸ்கூலுக்குப் போறேன்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே புதுப் பிரேக் கட்டைகளை மாட்டினேன். அவை தேய்ந்து ரிம்மில் பதிந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். தெருவில் ஓட்டி ஓட்டிப் பிரேக்கை அழுத்தினேன். விருத்தாசலத்தில் நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட பொம்மை ஒன்றை மகள் குறுக்கே வைத்தாள்.

"இத இடிக்காம நிறுத்து, பாப்போம்."

இடித்து உடைத்தேன். அடுத்ததும் போனது. கை வலித்தும் விடவில்லை. வெயில் சாயும்போது சைக்கிள் பொம்மைக்கு முன்னாலேயே நின்றது.

உடனே அவள் உள்ளே ஓடி, யாரையும் தொடவிடாத தன் மயில் பொம்மையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது வேணாம்டி" என்றேன்.

"நீ வாம்மா."

ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். மயிலை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அதைத் தெருவில் வைத்தபோதே அவள் என்னை நம்பிவிட்டாள் என்பது, பெடலை மிதித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.